பசியாவரத்தில் எடுத்த ஒரு படம்

சிவசங்கர் போன் செய்தபோது அம்பிகா அனுப்பம்பட்டு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் குஜராத்திலிருந்து வந்திருந்தாள். பேன்ட் பாக்கெட்டிலிருந்து கட்ச் உப்புமண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

இருவரும் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். சிவசங்கர் பொன்னேரியில் ஸ்டுடியோ வைத்திருந்தான். அம்பிகா பன்னிரண்டு வருடமாகப் பயணப் பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பவள். வருடத்தில் எட்டு மாதம் அவளுக்கு ரயிலும் பஸ்ஸும்தான் வீடு.

"நம்ம தாலுக்காவுல நாடு சுத்திப் படம் எடுக்கறவங்க பத்து பேரு இருக்கோம். பொங்கலுக்கு அப்பறம் ஒரு கண்காட்சி வெக்கிறோம்" என்றான். "ஆளுக்குப் பத்து படம். எந்த ஊர்ல வேணா எடுத்திருக்கலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் நம்ம பக்கத்துல எடுத்ததா இருக்கணும்."

"பாத்து அனுப்புறேன்டா."

அன்று மாலை அவள் ஹார்ட் டிஸ்க்குகளைத் தேடினாள். லடாக் இருந்தது. ஒடிசா இருந்தது. ஜெய்சல்மேரில் ஒரு ஒட்டகத்துக்கு மட்டும் நாற்பது படங்கள் இருந்தன. சொந்தத் தாலுக்காவில் எடுத்ததென்று கிடைத்தது ஒன்றுதான். முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக எடுத்த அப்பாவின் மார்பளவுப் படம். அதில் அப்பா போலீஸைப் பார்த்தவர்போல் விறைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பழவேற்காடு ஏரி வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுகூட இல்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருமுறை போனதோடு சரி. அப்போதும் பஸ்ஸில் வாந்தி எடுத்தது மட்டும்தான் நினைவிருந்தது.

இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் ஏரிக்குப் படகு ஏறும் தோணிரேவுக்குப் போனாள். வரதன் என்ற படகுக்காரரிடம் சிவசங்கர் சொல்லிவைத்திருந்தான். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. அவளுடைய பையையும் பெரிய லென்ஸையும் பார்த்துவிட்டு, "பூநாரையா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. கையால எறா புடிக்கறவங்களப் பாக்கணும்."

"அப்ப பசியாவரத்துப் பக்கம் போவணும். குப்பம்மா ஆளுங்க இந்நேரம் எறங்கியிருப்பாங்க."

பசியாவரம் தீவுக்குச் சற்றுத் தள்ளி ஏழு பெண்கள் மார்பளவுத் தண்ணீரில் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். குனியும்போது தண்ணீர் தாடையைத் தொட்டது. இரண்டு கைகளும் அடியில் சேற்றைத் துழாவின. ஒவ்வொருவர் பல்லிலும் ஓலையில் முடைந்த சிறு பறி தொங்கியது. கையில் இறால் தட்டுப்பட்டால் ஒரு நொடியில் அது பறிக்குள் போய்விடும். யாரும் பேசவில்லை. பல்லில் பறி இருக்கும்போது பேசவும் முடியாது.

வரதன் குரல் கொடுத்ததும் நடுவிலிருந்த பெண் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள்தான் குப்பம்மா. அம்பிகாவை விட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

"போட்டோ புடிக்கலாமாக்கா?" என்று அம்பிகா கேட்டாள்.

"புடிச்சிக்கோ மேடம். எங்க வேல நிக்காது, அவ்ளோதான்."

ஒரு மணி நேரம் அம்பிகா படகிலிருந்தே எடுத்தாள். வெளிச்சம் மெல்லியதாக இருந்தது. படங்கள் நன்றாகவே வந்துகொண்டிருந்தன. இருந்தும் ஏதோ போதவில்லை. அந்தப் பெண்களின் கண் மட்டத்துக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. போனையும் பையையும் படகில் வைத்துவிட்டு, கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினாள்.

"எடப்பக்கம் போவாதம்மா" என்று வரதன் சொன்னார். அவள் குப்பம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது காதில் விழவில்லை.

இடப்பக்கம் படகுகள் போவதற்காக ஆழப்படுத்திய பள்ளம். ஒரு கால் அதில் இறங்கியது. மறு கால் சேற்றில் சிக்கிக்கொண்டது. அடுத்த கணம் தண்ணீர் தலைக்குமேல் போய்விட்டது. அம்பிகாவுக்கு நீச்சல் தெரியாது. கையிலிருந்து கேமரா நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. வாயில் உப்பும் சேறும் போயின. கத்த வாய் திறந்தபோது மேலும் தண்ணீர்தான் போனது.

பின்னலை யாரோ பிடித்து இழுத்தார்கள். பிறகு அக்குளில் ஒரு கை வந்தது. வெளியே வந்து இருமி மூச்சு வாங்கியபோது அவள் குப்பம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. துப்பு. நல்லாத் துப்பு."

வரதனும் குப்பம்மாவும் சேர்ந்து அவளைப் படகில் ஏற்றினார்கள். உட்கார்ந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பதைக் கவனித்தாள்.

"கேமரா" என்றாள்.

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அசாமுக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தாள். இருந்தது அந்த ஒரு கேமராதான். ஆனாலும் உப்புத்தண்ணீரில் விழுந்த கேமராவின் கதி அவளுக்குத் தெரியும்.

"உட்டுடுங்கக்கா. இனிமே அது வேல செய்யாது. நீங்க உங்க வேலயப் பாருங்க."

குப்பம்மா கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெண்களைப் பார்த்துக் கையை அசைத்தாள். ஏழு பேரும் பறிகளைக் கொண்டுவந்து படகில் வைத்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக நின்றார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் முழுகினார்கள்.

அம்பிகா படகில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுவார்கள், மூச்சு வாங்குவார்கள், ஒரு முழம் நகர்வார்கள், மறுபடி முழுகுவார்கள். கீழே ஒரு சாண் இடம்கூட விடாமல் அந்தக் கைகள் துழாவுகின்றன என்பது தோள்களின் அசைவிலேயே தெரிந்தது. அரை மணிக்கு மேல் ஆயிற்று. போதும் என்று அவள் மூன்று முறை சொன்னாள்.

"இன்னாத்துக்குக் கத்திக்கினே கீற? குந்து சும்மா" என்றாள் குப்பம்மா. 'மேடம்' என்ற சொல் எப்போது உதிர்ந்துபோனது என்று இருவருக்கும் தெரியாது.

வரிசையின் கடைசியில் லோகாம்பாள் என்ற ஒல்லியான பெண் இருந்தாள். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவள்தான் ஒருமுறை முழுகி எழுந்தபோது கையில் கறுப்பாக எதையோ பிடித்திருந்தாள். சேறு வழிந்தது. வார்ப்பட்டையில் பாசி சுற்றியிருந்தது. சிரித்துக்கொண்டே அதை அம்பிகாவிடம் நீட்டினாள்.

"நண்டுன்னு நெனச்சேன்" என்றாள்.

அம்பிகா அழுதுவிட்டாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலையில் நீர் சொட்ட நின்ற ஏழு பெண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பசியாவரத்தில் குப்பம்மாவின் வீட்டில் அவளுக்கு ஒரு நைட்டி கொடுத்தார்கள். சுடச்சுட டீ கொடுத்தார்கள். குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரில் ஒரு செம்பு எடுத்துத் தந்து கேமராவைக் கழுவச் சொன்னார்கள். அம்பிகா மெமரி கார்டை எடுத்து அலசி, துடைத்து, வெயிலில் வைத்தாள். கேமரா செத்துப்போயிருந்தது.

"உங்களுக்கு இன்னிக்குப் புடிப்பு போச்சே அக்கா, என்னால."

"அட, இன்னிக்கு எறாவே இல்ல. தண்ணி சில்லுனு இருந்தா அது சேத்துக்குள்ள பூந்துக்கும். நாங்களே ஏறலாம்னுதான் இருந்தோம்."

திரும்பும்போது வரதனிடம் அதைச் சொன்னாள். அவர் கழியை ஊன்றிக்கொண்டே சிரித்தார்.

"அது சொல்லும். இந்த வாரத்துலயே இன்னிக்குத்தான் நல்ல புடிப்பு. பறியத் தூக்கிப் பாத்தேனே, ஒரு மணி நேரத்துலயே முக்காவாசி ரொம்பிடுச்சி."

தோணிரேவு வரும்வரை அம்பிகா பசியாவரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சிவசங்கரின் ஸ்டுடியோவில் கார்டு திறந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. சிவசங்கர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். "நீ எடுத்ததுலயே இதுதான் பெஸ்ட்" என்றான். அவள் கேட்காமலேயே தன்னுடைய இரண்டாவது கேமராவைப் பையோடு எடுத்து மேசையில் வைத்தான். "இப்ப கல்யாண முகூர்த்தம் ஒண்ணும் பெருசா இல்ல. அசாம் போயிட்டு வந்து குடு."

இரண்டு வார்த்தை சொல்ல நினைத்தாள். "டேய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நல்ல படங்களில் இருபதைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அடுத்த நாள் மத்தியானம் பசியாவரம் போனாள். பெண்கள் வேலை முடிந்து, ஒரு பந்தலின் நிழலில் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். படங்கள் கை மாறின. குப்பம்மா ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஷோக்கா கீது" என்றாள். பிறகு அப்படியே அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னக்கா, புடிக்கலியா?"

"புடிக்காம இன்னா. ஆனா எல்லாத்துலயும் வாய அடச்சிக்கினு கீறேன் பாரு. மெட்ராஸ்லேர்ந்து வர்றவங்க, வெளிநாட்டுக்காரங்க, எல்லாரும் பறியக் கடிச்சிக்கினு நிக்கிறதத்தான் எடுக்கறாங்க. ஒருத்தர் வூட்டுல மாட்டிவெச்சிருக்குற படத்தப் பாத்தா, இந்தப் பொம்பள ஊமைன்னு நெனச்சிக்குவாங்க."

லோகாம்பாள் குனிந்துகொண்டே சொன்னாள்: "ஊர்ல இத ரேடியோன்னுதான் கூப்புடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அம்பிகாவும் சிரித்தாள். ஆனால் அது அவளைத் தைத்தது. எந்த ஊருக்குப் போனாலும் வேலையில் மூழ்கிய முகங்களைத்தான் அவள் தேடுவாள். அந்த முகங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்குமே என்று இதுவரை தோன்றியதில்லை.

"சரி, இப்ப பேசுங்க. எடுக்கறேன்" என்றாள்.

"இன்னா பேசறது?"

"நான் தண்ணில உழுந்த கதயச் சொல்லுங்க."

குப்பம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். அம்பிகா எப்படிப் படகிலிருந்து கோயில் விளக்கைத் தூக்குவதுபோல் கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள், எப்படி அப்படியே காணாமல் போனாள், பின்னல் மட்டும் மேலே மிதந்தது எப்படி என்று நடித்துக் காட்டினாள். பெண்கள் இறாலை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். லோகாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்பிகா சிவசங்கரின் கேமராவில் எடுத்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பில் அவள் கையும் ஆடியது. பாதிப் படங்கள் கலங்கிப்போயின.

கலங்காத ஒன்றுதான் கண்காட்சிக்குப் போனது. வேலை செய்யும் படங்களில் ஒன்றை வைக்கலாம் என்று சிவசங்கர் வாதாடினான். அம்பிகா ஒப்புக்கொள்ளவில்லை. படத்தின் கீழே ஏழு பெண்களின் பெயர்களையும் எழுதினாள்.

பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. அசாமிலிருந்து அம்பிகா அதற்காகவே திரும்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தலை நிறையப் பூ. குப்பம்மா தன் படத்தின் முன்னால் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையை மறுபடி சொன்னாள். ஒவ்வொரு முறையும் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமானது.

பிறகு மற்றப் படங்களைப் பார்க்கப் போனாள். இமயமலைப் பனியையும் ஒட்டகத்தையும் இரண்டு நொடியில் கடந்துவிட்டாள். அம்பிகா எப்போதோ எடுத்த, மணிப்பூரில் ஒரு ஏரியில் பெண்கள் வலை தூக்கும் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். லோகாம்பாளையும் கூப்பிட்டுக் காட்டினாள். இருவரும் வலையைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

"அம்பிகா, இங்க வா. இது எந்த ஊரு?"

"மணிப்பூர்க்கா. ரொம்ப தூரம்."

"தண்ணி உப்பா?"

"நல்ல தண்ணின்னு சொன்னாங்க."

"சேறா, மணலா கீழ?"

"நான் கரையில நின்னு எடுத்தேன்க்கா" என்றாள் அம்பிகா.

"இந்தக் கடைசியில நிக்குது பாரு, அதுக்குக் கை வலி. வலயப் புடிச்சிருக்குற தினுசுலயே தெரியுது. பாவம்." குப்பம்மா படத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். "அடுத்த வாட்டி போனா கேளு. நாங்க கேட்டோம்னு சொல்லு."

அந்த மாசி மாதமே அம்பிகா மணிப்பூருக்குப் போனாள். வேறு வேலையாகப் போனவள் இரண்டு நாள் ஒதுக்கி ஏரிக்குப் போனாள். அந்தப் பெண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு ஆசிரியை கூட வந்தார். அம்பிகா செருப்பைக் கழற்றினாள், பேன்ட்டை மடித்துக்கொண்டாள், எங்கே ஆழம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முழங்கால் தண்ணீர்வரை இறங்கினாள். காலடியில் மெத்தென்ற சேறு, வேர்கள் கலந்தது. அங்கிருந்து குப்பம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள்.

"எறங்கிட்டியா?" என்றது குப்பம்மாவின் குரல். "அதுகிட்டக் குடு."

குப்பம்மா தமிழில் பேசினாள். மணிப்பூர்ப் பெண் அவள் மொழியில் பேசினாள். ஆசிரியையும் அம்பிகாவும் இங்கிலீஷ் வழியாக மொழிபெயர்க்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்கள். ஒருத்தி தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். மற்றவள் வேகமாகத் தலையாட்டித் தன் தோளையும் காட்டினாள். திரையில் குப்பம்மாவுக்குப் பின்னால் லோகாம்பாள் ஒரு பறியைத் தூக்கிக் காட்ட, ஏரியில் இன்னும் நாலு பெண்கள் வலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்க வந்தார்கள்.

கேமரா பையிலேயே இருந்தது. ஊர் ஊராகத் தனக்குச் சோறு போட்டவர்கள், வழி காட்டியவர்கள், படகில் ஏற்றிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக அம்பிகாவின் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் யார் பெயரும் அவளுக்குத் தெரியாது. அந்தப் பெண்கள் பேசி முடிக்கட்டும் என்று போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் தண்ணீரிலேயே நின்றாள்.