உளுந்தளவு பொன்

தேநீரை ஒரு வாய் உறிஞ்சிய ஷாமினி முகத்தைச் சுளித்தாள்.

"இஞ்சேருங்கோ, வாய்க்குள்ளை செப்புக்காசை வைச்ச மாதிரிக் கிடக்கு."

"கேத்திலை வடிவாக் கழுவும்" என்றான் ஜஸ்ரின். அவன் கண் முழுவதும் உள்ளங்கையில் இருந்த உளுந்தளவு பொன்னில்தான் இருந்தது. கோப்பாயில் கைபேசி திருத்தும் கடை வைத்திருந்தவன், பழைய கணினிப் பலகைகளுக்குள் பொன் இருக்கிறதென்று இணையத்தில் பார்த்த நாளிலிருந்து தலைகால் தெரியாமல் திரிந்தான். அவற்றை மூட்டை மூட்டையாக வாங்குவதற்கு மனைவி ஷாமினியின் காப்பு அடகுக்குப் போனது. பொன்னைப் பிரிக்கப் பின்வளவில் வாளி வாளியாக அசிட் புகைந்தது. வீடே இருமியது. எல்லாச் செலவும் போகக் காப்பையும் மீட்டுக் கொஞ்சம் மிஞ்சும் என்று சுன்னாகத்து நகைப் பத்தர் நேற்றுத்தான் நிறுத்துச் சொல்லியிருந்தார். விசர் வேலை என்று ஊர் சிரித்த வேலையில் லாபம்! அவனுக்குக் கால்கள் நிலத்தில் படவில்லை.

ஷாமினி செம்பில் பச்சைத்தண்ணீர் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கேத்திலில்லை. தண்ணிதான். அந்த வாளியளிலை மிஞ்சினதை எங்கை ஊத்தினனீங்கள்?"

கிணற்றுக்குப் பின்னால் ஒரு குழியில்தான் ஊற்றினான். நிலத்தடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் அசிட்டைத் தின்றுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தான். ஊற்றும்போதெல்லாம் நுரைத்துப் பொங்கி, விடிய வெறுங்குழியாகக் கிடந்தது. சோலி முடிந்ததென்று கையைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவான். அசிட்டில் கரைந்த செம்பும் ஈயமும் எங்கே போகும்? பாடத்தில் பாதியை மட்டும் நினைவில் வைத்திருந்தவனுக்கு அந்தக் கேள்வி இப்போதுதான் வந்தது.

வெளியே இறைப்பு மெசின் உறுமியது. கிணறு பங்குக் கிணறு. பாதி இவர்களுக்கு, பாதி பக்கத்து வளவு மார்க்கண்டருக்கு. இன்றைக்கு அவருடைய முறை.

பொன்னை மேசையில் போட்டுவிட்டு ஜஸ்ரின் ஓடினான்.

"அண்ணை, இண்டைக்கு இறைக்காதையுங்கோ!"

"ஏன் தம்பி, உனக்கு ஏதும் அவசரமோ? அப்ப நீ முதல் இறை. என்ரை வெங்காயம் பின்னேரம் மட்டும் தாங்கும்."

மெசின் பழுது என்று சொல்லலாம். நாளைக்கு என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அந்த லாபம் எந்த மூலைக்கு? தோட்டத்துக்கு நட்டஈடு, நீதிமன்றம், வழக்கு, வேலிக்கு இரண்டு பக்கமும் முகம் பார்க்காத வாழ்க்கை. மார்க்கண்டர் சிரித்தார். குழாய் வாயில் குனிந்து, இறைப்புத் தொடங்கும்போது எப்போதும் செய்வதுபோல, முதல் தண்ணீரைக் கையில் ஏந்தி வாய்க்குக் கொண்டுபோனார்.

ஜஸ்ரின் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். தண்ணீர் இருவர் முழங்கைகளிலும் வழிந்தது.

"குடியாதையுங்கோ அண்ணை. நான்தான்..."

மார்க்கண்டர் கையை இழுக்கவில்லை. ஒருவரும் மெசினை நிறுத்தவில்லை. தண்ணீர் வாய்க்கால் வழியே போய் முதல் பாத்தியில் ஏறிக்கொண்டிருந்தது.