பின்பாரம்

ஷெரிம்பெக்கின் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. பெண்டாட்டி புருல்ச்சா சொல்லமாட்டாள். கட்டியவன் பெயரை வாயால் சொல்வது எங்கள் மலைப் பெண்களுக்கு வழக்கமில்லை. அதனால் பிள்ளை பெயரை முன்னால் போட்டு "அய்பெக் அப்பா" என்பாள். ஊர்க்காரர்களுக்கு அந்தத் தடை எதுவும் கிடையாது. இருந்தும் அவர்கள் "தலைவர் மாப்பிள்ளை" என்றே கூப்பிட்டார்கள்.

தலைவர் என்றால் மம்பெத்தாலி, புருல்ச்சாவின் அப்பா. கூட்டுப்பண்ணைக்குத் தலைவராக இருந்தவர். பண்ணை கலைந்து, ஆடுமாடு பிரிந்து, ஆபீஸ் கட்டடத்துச் செங்கல்லை ஆளாளுக்குப் பெயர்த்துக்கொண்டு போன பிறகும் அவர் மட்டும் தலைவராகவே இருந்தார். ஆபீஸ் வாசலில் நின்ற அவருடைய மார்பளவு சிமெண்ட் சிலைக்குப் போக்கிடம் இல்லாமல் போனபோது, "மாப்பிள்ளை கொட்டகை சும்மாதானே கிடக்கு" என்று சொல்லிவிட்டார். எட்டுப் பேர் முக்கி முனகிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்றிலிருந்து மண்வெட்டி எடுக்கப் போனாலும் ஷெரிம்பெக் மாமனார் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

ஊரில் ஒரே ஒரு பொருளையாவது 'இது ஷெரிம்பெக்கோடது' என்று நாலு பேர் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். நாற்பதைத் தாண்டிய அந்த மனிதனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அதற்காகத்தான் லோடர். அவனிடம் நீல நிறத்தில் ஒரு கிழட்டு டிராக்டர் இருந்தது. அதன் மூக்குக்கு முன்னால் இரண்டு இரும்புக் கைகளையும் ஒரு பக்கெட்டையும் மாட்டிவிட்டால் சாணம் அள்ளலாம், வைக்கோல் ஏற்றலாம், பனி வாரலாம். சுற்றுவட்டாரத்தில் யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. கைகளுக்கு ஒரு லாரியின் சேஸிஸ் கிடைத்தது. பக்கெட்டுக்குப் பழைய டீசல் டேங்கை நீளவாக்கில் பிளந்தான். தூக்குகிற சிலிண்டர்களுக்கும் ஆயில் ஹோஸுக்கும்தான் திண்டாட்டம். கீழூரில் செத்துப்போன அறுவடை மெஷின்களைப் பிரித்து விற்கிறவன் தருவதாகச் சொன்னான். ஆனால் பதிலுக்குக் கறவை மாட்டைக் கேட்டான். அது புருல்ச்சா பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்த மாட்டின் கன்று வழியில் வந்த மாடு.

மாடு போன மறுநாள் கிண்ணத்தில் பாலில்லாத டீ வந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அதான் ரெண்டு சிலிண்டர் வந்திருக்கே. போய்க் கறந்துக்கோங்க, அய்பெக் அப்பா."

குளிர்காலம் பூராவும் வெல்டிங் நடந்தது. அவன் ராடை வைத்தால் தெரு விளக்கெல்லாம் மங்கும். பக்கத்து வீட்டு தோக்தோசுன் வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கத்துவான்.

"தலைவர் மாப்பிள்ளை! டிவியில கல்யாணப்பொண்ணு இப்பத்தான் அழ ஆரம்பிச்சா, மூஞ்சியே தெரியல! அவ அழுது முடிக்கிற வரைக்கும் நிறுத்தேன்யா!"

எல்லாம் முடிந்ததும் பக்கெட்டின் நெற்றியில் தன் பெயரை வெல்டிங்கிலேயே எழுதினான். பெயின்ட் என்றால் உதிர்ந்துவிடும் பாருங்கள்.

சோதனை ஓட்டத்துக்கு ஊரே வந்தது. உறைந்து கிடந்த சாணக் குவியலில் பக்கெட்டைக் குத்தி லிவரை இழுத்தான். இரும்புக் கைகள் நடுங்கின, ஆயில் முனகியது. ஆனால் பக்கெட் அசையவில்லை. டிராக்டரின் பின்சக்கரங்கள்தான் அந்தரத்தில் எழும்பின. மூக்கு சாணத்தில் புதைந்து, பின்பக்கம் வானத்தைப் பார்த்தது. ஷெரிம்பெக் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினான்.

"டிராக்டர் தொழுகையை ஆரம்பிச்சுடுச்சு! நீ எப்ப ஆரம்பிக்கப்போற?" என்றான் தோக்தோசுன். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. புருல்ச்சா சிரிக்கவில்லை. மாடு கட்டிய முளையை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அதுதான் அவனுக்கு உறைத்தது.

கோளாறு என்னவென்று அவனுக்குத் தெரியும். முன்பாரத்துக்குச் சரியான பின்பாரம் இல்லை. பீப்பாயில் கல்லை நிரப்பிக் கட்டினான். பீப்பாயின் அடி கழன்றது. கான்கிரீட் ஊற்றலாமென்றால் இந்தக் குளிரில் சிமெண்ட் இறுகாது. ஊரிலிருந்த கனத்த இரும்பையெல்லாம் பழைய இரும்புக்காரன் எப்போதோ அள்ளிக்கொண்டு போயிருந்தான். மண்டை காய்ந்துபோய்ச் சம்மட்டியை வைக்கக் கொட்டகைக்குள் நுழைந்தான். மாமனார் எதிரே இருந்தார். மீசையும் மார்பு நிறையப் பதக்கங்களுமாக, ஒரே வார்ப்பில் கெட்டி சிமெண்ட்.

ஷெரிம்பெக் வெகுநேரம் அவரைப் பார்த்தபடி நின்றான். பிறகு அளவுநாடாவை எடுத்தான்.

கப்பி கட்டி அவரை டிராக்டரின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தபோது புருல்ச்சா வந்துவிட்டாள்.

"ஐயோ, எங்கப்பாவையா கட்டறீங்க?"

"வேற கனமா எதுவும் கிடைக்கல."

அவள் உள்ளே போய் ஒரு கோணிச்சாக்கோடு வந்தாள். "மூஞ்சிய மூடிடுங்க. அவர் பாத்தார்னா என்னால பொறந்த வீட்டு வாசல மிதிக்க முடியாது."

அன்று பக்கெட் பறவை மாதிரி எழும்பியது. ஆனால் பார்க்க யாரும் வரவில்லை. ஊர் ஒரு தரம்தான் சிரிக்க வரும்.

அந்த வாரமே பெரும்பனி கொட்டியது. மேலத்தெருவும் கீழத்தெருவும் கதவுவரை மூடிப்போயின. தலைவர் ஆளனுப்பினார், வாசலைத் திறந்துவிடச் சொல்லி. தோக்தோசுனும் பத்துப் பேரும் மண்வெட்டியோடு நடந்தார்கள். ஷெரிம்பெக் லோடரை எடுத்தான். அப்பாவுக்கு ரொட்டி சுட்டு மூட்டையாகக் கட்டிக்கொண்டு புருல்ச்சா மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள்.

லோடர் வேலை என்பது முன்னால் போய் அள்ளுவது, பின்னால் வந்து கொட்டுவது. தலைவராக இருந்த மனிதர் சும்மா நிற்பாரா? டிராக்டருக்கு நேர் பின்னால் நின்றுகொண்டு, "வா! வா! இன்னும் வா! சக்கரத்த ஒடி!" என்று கையை ஆட்டினார். ஒவ்வொரு ரிவர்ஸுக்கும் சாக்கு மூடிய சிலை அவர் மூக்குவரை போய் நின்றது. ஒவ்வொரு தடவையும் ஷெரிம்பெக்குக்கு உயிர் போய் வந்தது. கடைசியில் வேலிக் கம்பியில் சாக்கு மாட்டியது. அவன் முன்னால் நகர, அது டர்ரென்று கிழிந்து கம்பியிலேயே நின்றுவிட்டது.

மம்பெத்தாலி தன்னையே நேருக்கு நேர் பார்த்தார்.

"இது என்ன?"

"பின்பாரம், மாமா."

"இது நான்டா."

"ஆமா, மாமா."

"என்னை எதுக்குத் தொங்கவிட்ட?"

"நீங்க இல்லேன்னா பின்னாடி தூக்கிடுது மாமா. பாரம் எழும்ப மாட்டேங்குது."

கிழவர் மீசையைத் தடவினார். "நான் இல்லேன்னா எழும்பாதா?"

"எழும்பாது."

அவர் மெதுவாக மண்வெட்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாடா? நான் இல்லேன்னா எழும்பாதாம்!" சிலையின் மூக்கிலிருந்த பனியைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டார். பிறகு கிழிந்த சாக்கைக் காட்டிக் கோபமாகக் கேட்டார்: "என் மூஞ்சியில இதைப் போட்டது எவன்?"

அதற்கப்புறம் அவரை யார் பிடிப்பது? டிராக்டர் படியில் ஏறி நின்றுகொண்டு மேலத்தெருவுக்கு விடச் சொன்னார். அங்கே முடிந்ததும் கீழத்தெருவுக்கு. வீட்டுக்கு வீடு பெண்கள் சூடான ரொட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். "தலைவர் லோடர் வந்துடுச்சு" என்று பிள்ளைகள் கத்தின. பக்கெட் நெற்றியிலிருந்த பெயரைப் பனி அப்பி மூடியிருந்தது. இந்த ஆள் நிழலிலிருந்து தப்பிக்கத்தானே இத்தனை இரும்பை வெட்டினோம், கடைசியில் அவரையே தூக்கிக் கொண்டுவந்து பின்னால் மாட்டிக்கொண்டோமே என்று ஷெரிம்பெக்குக்கு அழுகையே வந்தது.

திரும்ப மாமனார் வீட்டுக்கு வந்து எல்லோரும் ரொட்டிக்கு உட்கார்ந்தார்கள். தோக்தோசுன் வாய் நிறையச் சொன்னான்: "நாளைக்குத் தலைவர் லோடர் எங்க வீட்டுச் சந்துக்கும் வரணும்."

"அது தலைவர் லோடர் இல்ல." டீ ஊற்றிக்கொண்டிருந்த புருல்ச்சாதான் சொன்னது. கெண்டியைக் கீழே வைத்தாள். "அது ஷெரிம்பெக் லோடர்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெற்ற அப்பா முன்னால் புருஷன் பெயரை! கிழவர் கையில் ரொட்டி அப்படியே நின்றது.

"பனியில கிடந்து செஞ்சது ஷெரிம்பெக். அப்பா, நீங்க சும்மா தொங்கிக்கிட்டுதான் இருந்தீங்க. அதுல இருக்கறது என் மாடு! பால் டீ குடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா எனக்கு?"

ஷெரிம்பெக் தலையைக் குனிந்துகொண்டான். காது சூடாகிவிட்டது.

ஊர் அதைக் கேட்டுக்கொண்டது, ஊருக்கே உரிய முறையில். மறுநாள் காலை தோக்தோசுன் வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

"தலைவர் மாப்பிள்ளை! புருல்ச்சா மாட்டை எங்க சந்துக்கு எப்ப ஓட்டிட்டு வர்ற?"

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அந்த லோடருக்கு அதுதான் பெயர். சந்தில் பனியை வாரிவிட்டதற்குக் கைம்மாறாக தோக்தோசுன் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையப் பால் வந்தது. புருல்ச்சா அதைக் காய்ச்சி டீயில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க, அய்பெக் அப்பா."

அவன் கிண்ணத்தைத் தொடவில்லை. வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். யாரும் இல்லை.

"இன்னொரு தடவை சொல்லேன்."

"எதை?"

"அதான். உங்கப்பா வீட்டுல சொன்னியே."

அவள் முகம் சிவந்துவிட்டது. தலைத்துணி நுனியால் கெண்டியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"டீ ஆறுது, குடிங்க" என்றாள்.