தம்பிக்காக ஒரு சத்தியம்

பொருநை காயின் என்கிற கிரிப்டோவில் எங்கள் வீட்டுப் பணம் ஒரு பைசாகூடப் போகவில்லை. ஊரே போட்டுத் தொலைத்துவிட்டு நிற்கும்போது இது நல்ல செய்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காயினை ஆரம்பித்தவன் என் மனைவியின் தம்பி. சொந்த அக்காவும் அத்தானும் மட்டும் எப்படித் தப்பித்தார்கள் என்று கேட்பதற்கு எங்கள் ஊர் ஆலடிப்பத்தில் யாருக்கும் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

நான் போடாமல் இருந்தது ஒன்றும் புத்திசாலித்தனத்தால் அல்ல. வன்னியராஜ் எங்களைப் போடச் சொல்லவே இல்லை. நானே ஒருமுறை வாய்விட்டுக் கேட்டும், அத்தானுக்கு எதுக்கு இதெல்லாம் என்று சிரித்து மழுப்பிவிட்டான். ஜங்ஷனுக்கும் டவுணுக்கும் நடுவே ஆயுசு முழுக்க டிக்கெட் கிழித்த கண்டக்டருக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று நினைக்கிறானாக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். மச்சினன் பணக்காரனாகிவிட்டால் அத்தான்மாருக்கு வருகிற சாதாரண எரிச்சல்தான்.

பெயர் வைத்ததிலேயே அவன் பாதி ஜெயித்துவிட்டான். வெளியூர்க்காரன் எவனாவது வேறு பெயரில் கொண்டுவந்திருந்தால் எங்கள் ஆட்கள் அவன் காசில் டீயைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பியிருப்பார்கள். இவன் நாங்கள் குளிக்கிற ஆற்றின் பழைய பெயரை வைத்தான். தாமிரபரணி வற்றினாலும் இது வற்றாது என்று மேடையில் பேசினான். வண்ணார்பேட்டையில் கண்ணாடி ஆபீஸ், மேம்பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி அவன் படம். எல்லார் செல்போனிலும் ஒரு ஆப். அதில் காயினின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. பீடி சுற்றுகிற பெண்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொள்வார்கள். மாஞ்சோலை எஸ்டேட்டை விட்டு மலையிறங்கி வந்தவர்கள், வேலைக்கணக்கு முடித்துக் கையில் வந்ததை அப்படியே அதில் கொட்டினார்கள். ஒருநாள் காலையில் ஆப் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் தூத்துக்குடி ஏர்போர்ட்டில் வைத்து வன்னியராஜைப் போலீஸ் பிடித்தது.

துபாயிலிருந்த கூட்டாளிதான் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டான், தனக்கு எதுவும் தெரியாது என்று அவன் சொன்னான். கோர்ட்டிலும் அதையே சொன்னான், டிவிக்காரர்களிடமும் அதையே சொன்னான். கண்ணாடி ஆபீஸுக்குச் சீல் வைத்தார்கள். மேம்பாலத்துப் படத்தை யாரோ கிழித்தார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சில மாதம் கழித்து ஜாமீன் கிடைத்தது. மதுரையிலேயே தங்கித் தினமும் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு.

வடிவு தம்பியை நம்பினாள். என் மனைவியின் முழுப்பெயர் சுடலைவடிவு. அம்மா போனபோது வன்னியராஜ் தொட்டில் பிள்ளை. இவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவனும் இவளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டான். முதலிரவன்றே எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்துத் தூங்கியவன் அவன். எங்களுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அது குறையாக இருக்கிறதா என்று வடிவிடம் நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியம் கிடையாது.

ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டில் கல்லெறியவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். வடிவு போய் நின்றால் ஆற்றில் துவைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் துணியை அள்ளிக்கொண்டு அடுத்த படித்துறைக்கு நகர்ந்தார்கள். பக்கத்து வீட்டு வேணி, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைப் போட்டவள். இவளை மைனி மைனி என்று சுற்றிவந்தவள் இப்போது முகம் கொடுப்பதில்லை. அதைத்தான் வடிவால் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மந்திரமூர்த்தி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். சுடலைமாடன் கோயில் பொறுப்பு அவரிடம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“கோர்ட்டு அது பாட்டுக்கு நடக்கட்டும் வடிவு,” என்றார். “எங்களுக்கு ஒண்ணுதான் தெரியணும். தெரிஞ்சு செஞ்சானா, தெரியாமச் செஞ்சானா? மாடன் முன்ன நின்னு தெரியாதுன்னு கற்பூரத்த அணைக்கட்டும். நாங்க குடுத்த புகார வாபஸ் வாங்கிக்கிடுதோம்.”

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். களவோ, வரப்புத் தகராறோ, பேசித் தீராவிட்டால் கோயிலுக்குப் போய்விடுவார்கள். சத்தியம் செய்கிறவர் குளித்து ஈரத்துணியோடு வந்து, பீடத்தின் முன் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்ல வேண்டும். அணைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. அவரால் வரமுடியாவிட்டால் கூடப்பிறந்தவர் அணைக்கலாம். சத்தியம் பொய்யாக இருந்தால், யார் கை அணைத்ததோ அந்தக் கைக்குரியவரின் பிள்ளையை மாடன் சும்மா விடமாட்டார். செய்தவரை ஒன்றும் செய்யமாட்டார், பிள்ளையைத்தான். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் அந்தக் கற்பூரத்தின் பக்கத்தில் கையைக் கொண்டுபோகச் சொன்னால் நாலு தடவை யோசிப்பேன்.

வக்கீலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போலீஸ் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டிருந்தது. புகார் கொடுத்தவர்களே வாபஸ் வாங்கினால் அந்த மனு நிற்காது என்றார். ஒருநாள் ஊருக்குப் போய்வர கோர்ட்டில் அனுமதி வாங்குவதும் கஷ்டமில்லையாம். வடிவுக்கு முகத்தில் ரத்தம் வந்தது. தம்பி வந்து கற்பூரத்தை அணைப்பான், எல்லாம் சரியாகிவிடும் என்று மீன்குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டாள். இருவரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

வன்னியராஜ் ஒரு லாட்ஜில் இருந்தான். ஆள் மெலிந்துபோயிருந்தான், சட்டை மட்டும் பழைய விலைச் சட்டை. பார்த்ததும் எனக்கே பாவமாக இருந்தது. இவள் பரிமாறினாள். அவன் மீனைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, நீயே செஞ்சிரு அக்கா என்றான்.

வடிவுக்குப் புரியவில்லை. கோர்ட்டில் விடுவார்களாம், நீயே வரலாமாம் என்று மறுபடியும் சொன்னாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்குக்கா,” என்றான். “நீ அணைச்சா ஒண்ணும் ஆவாது. ஒனக்குத்தான்…”

அதோடு நிறுத்திக்கொண்டான். மிச்சத்தைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. எனக்கு அந்தத் தட்டைத் தூக்கி அவன் மூஞ்சியில் எறிய வேண்டும் போல இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை ஊரில் எத்தனையோ பேர் குத்திக் காட்டியிருக்கிறார்கள். அதை ஒரு வசதியாக நினைத்தவன் இவன் ஒருவன்தான். அதுவும் எங்கள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன்.

வடிவு கோபப்படவில்லை. அவன் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். தூக்குச்சட்டியைக் கழுவிப் பைக்குள் வைத்தாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகை பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது கோவில்பட்டி தாண்டுகிறவரைக்கும் அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

“தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான். நம்மளப் போட வேண்டாம்னதுக்கும் அதுதான் காரணம்.”

நான் ஆமாம் என்றேன். அப்படியானால் வெள்ளிக்கிழமை எதற்குப் போகிறாய் என்று கேட்டேன். அவள் தூக்குச்சட்டிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். தம்பி என்றால் இவள் எதுவும் செய்வாள். அவன் பரீட்சைக்குப் பணம் கட்ட, என்னிடம்கூடச் சொல்லாமல் தாலியில் கிடந்த குண்டுமணிகளைக் கழற்றி விற்றவள். இவள் அந்தக் கற்பூரத்தை அணைத்துவிட்டால் வேணியும் மற்றவர்களும் நம்பிப் புகாரை வாபஸ் வாங்கிவிடுவார்கள். போன காசு போனதுதான் என்று தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதற்கப்புறம் அந்த ஊரில் இவளால் எப்படி இருக்க முடியும்? வெள்ளிக்கிழமைவரை வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே உலையில் அரிசி போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் முன்னால் ஊர் திரண்டிருந்தது. மலையிறங்கி வந்தவர்கள் மணிமுத்தாற்றிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். வடிவு ஆற்றில் முங்கிவிட்டு ஈரச்சேலையோடு வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மந்திரமூர்த்தி அண்ணாச்சி பீடத்தின் முன் வெற்றிலையை வைத்து, அதன்மேல் கற்பூரத்தை ஏற்றினார்.

“என் தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி அணைச்சிரு தாயி,” என்றார் அவர். “பையச் செய்யி. ஒண்ணும் அவசரமில்ல.”

வடிவு முட்டி போட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். கற்பூரத்துக்கு மேலே அந்தக் கை நின்றது. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். போய் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது, பிடித்து இழுத்திருப்பேனோ என்னவோ. அதற்குள் அவள் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. வெற்றிலையின் ஓரம் கருகிச் சுருண்டது. கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. வடிவு எழுந்து மாடனைக் கும்பிட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, என்னால முடியாது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் தெரிந்தே செய்தான் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சிலர் அழுதார்கள். ஆப் திறக்காத அன்றே அழுது முடித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை போலிருக்கிறது. வேணி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இவள் தலையைத் துவட்டிவிட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது. நேர்மைக்காகத் தம்பியையே விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். ஊருக்காக, வேணிக்காக, எனக்காகவும் கொஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன். கட்டிய பெண்டாட்டியை இத்தனை வருஷம் கழித்தும் நான் அவ்வளவுதான் புரிந்துவைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அவள் சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போதே வன்னியராஜின் போன் வந்தது. அதற்குள் யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். நான்தான் எடுத்தேன். அக்காவிடம் கொடுங்கள் என்று கத்தினான். அவள் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன். இனி ஜாமீன் போச்சு, வருஷக்கணக்கில் உள்ளே கிடக்கப்போகிறேன், எல்லாம் உன்னால்தான் என்றான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஜெயில் என்றபோது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு கற்பூரத்த அணைக்க ஒனக்கு என்னக்கா பயம்?” என்றான் அவன். “ஒனக்குன்னு யாரு இருக்கா?”

வடிவு போனை என் கையிலிருந்து வாங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“நீ இருக்கியேலே,” என்றாள்.

அவன்தான் போனை வைத்தான்.