பாதி மாத்திரை

மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார் ஆஸ்பத்திரி ஆலோசகர். கணக்குப்படி ஒன்றுகூடக் குறையவில்லை, கூடவுமில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைக் காகிதம் வேறு கதை சொன்னது.

"போன தடவை கிருமி கண்ணுலயே படலை. இப்ப ஆயிரக்கணக்குல இருக்கு. மாத்திரை உள்ள போகலைம்மா. வேற எங்கயோ போகுது."

கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் காலாட்டியபடி உட்கார்ந்திருந்தாள் என் தங்கை மகள். பதினாலு வயது. எச்.ஐ.வி என் தங்கையைக் கொண்டுபோனபோது அவளுக்கு வயது இரண்டு. பிறக்கும்போதே அது அவளுக்கும் வந்திருந்தது. 'சத்து மாத்திரைடி' என்று சொல்லித்தான் வளர்த்தேன். ஒவ்வொரு டப்பாவின் லேபிளையும் வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிடுவேன்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"பரீட்சை முடியட்டும்னு..."

"நாலு வருஷமா அந்தப் பரீட்சை முடியவே மாட்டேங்குதே."

மறுநாள் தையல் கம்பெனிக்கு லீவு போட்டேன். பள்ளிக்கூடக் குழாயடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

மணியடிக்கப் பத்து நிமிடம். அவள் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். காலையில் நான் கையில் கொடுத்த மாத்திரையைப் பிளேடால் இரண்டாக வெட்டினாள். ஒரு பாதி அவள் வாயில். மறு பாதி, ஒல்லி உடம்புக்காக எல்லோரும் ஈர்க்குச்சி என்று கூப்பிடும் அவள் தோழியின் உள்ளங்கையில்.

பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசமா. திட்டாதீங்க பெரியம்மா. காலையில வரிசையில நின்னா இவ பொத்துனு விழுந்துடறா. நீங்கதானே சத்துன்னு சொன்னீங்க. எனக்குப் பாதி போதும்."

"இப்ப நான் விழறதே இல்லை ஆன்ட்டி," என்றாள் ஈர்க்குச்சி பெருமையாக.

அன்று மதியமே அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஆலோசகர் முன்னால் நின்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடலாம், பெரிசா பயமில்லை. இவளுக்குத்தான்... அரைகுறையா சாப்பிட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும். பழகியிருந்தா, மாத்திக் கொடுக்க நம்ம ஸ்டோர்ல இன்னும் ஒரே ஒரு மருந்துதான் இருக்கு." அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். "நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

சொன்னேன். தங்கையைப் பற்றி, டப்பாக்களைப் பற்றி, உரித்துப் போட்ட லேபிள்களைப் பற்றி. அழுவாள் என்று முந்தானையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை. காலாட்டுவதை மட்டும் நிறுத்தினாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா ஒண்ணுகூட வெட்டியிருக்க மாட்டேனே பெரியம்மா."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"நாளைக்கு ஈர்க்குச்சி கை நீட்டுவா. அவகிட்ட என்ன சொல்றது?"

பன்னிரண்டு வருடம் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொய்யைக் கைவசம் வைத்திருந்தவள் நான். அன்று ஆலோசகரைப் பார்த்தேன். அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அதை நாம சேர்ந்து யோசிப்போம்," என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.