உண்மைப் பிரதி

கொம்பியூட்டர் பார்க்க வந்த ஸமீமா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததும், திரு. சிவபாதசுந்தரம் போய் வாசற்கதவைப் பூட்டி, பூட்டியது சரிதானா என்று இழுத்தும் பார்த்துவிட்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். சனிக்கிழமை காலை பத்து மணி. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடி. ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடிகள் ஒருமுறை நடுங்கி ஓயும். நீலத் திரையில் இரண்டு பெயர்கள் தெரிந்தன. கீழே ‘ஜேபி’, பக்கத்தில் சதுரங்கக் காய்களின் படம். மேலே ‘கோகுலன்’, பக்கத்தில் மஞ்சள் றப்பர் வாத்து.

"இந்த மேல் பேர் இருக்கக்கூடாது, பிள்ளை. அடியோடை எடுத்துப்போட்டு என்ரை பேரைப் போடவேணும். முழுப் பேர்."

பேர் விஷயத்தில் அவர் எப்போதுமே கண்டிப்பானவர். வாசலில் தொங்கும் பித்தளைப் பலகையில் பெயர் ஒரு வரி, பெயருக்குக் கீழே பதவிகள் மூன்று வரி. ஓய்வுபெற்ற அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் என்பது இரண்டாம் வரி. அகில இலங்கைச் சமாதான நீதவான், சுருக்கமாக ஜேபி, என்பதுதான் முதலாவது. வெளிநாடு போகத் துடித்துக்கொண்டிருந்த பாதி வெள்ளவத்தையின் பிறப்பத்தாட்சிப் பத்திர நகல்களில் ‘உண்மைப் பிரதி’ என்று முத்திரை குத்தி ஒப்பம் வைத்தது அவருடைய கைதான். ஒரு சதம் வாங்கமாட்டார். தன்னுடைய சேவைக்காலத்தை இருபது நிமிடம் இருந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

கோகுலன் அவருடைய தங்கை நேசமலரின் ஒரே மகன். இரண்டு வருடங்களுக்கு முன்னர் வவுனியாவிலிருந்து படிக்க வந்து, குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறையில் இருந்தான். இந்தக் கொம்பியூட்டரைப் பொருத்தியது அவன்தான். மாமா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, ‘என் பணியும் பாதையும்’ என்ற நூற்றைம்பது பக்கச் சுயசரிதையை அடித்ததும் அவன்தான். ஏழு கிழமைக்கு முன்னர் சோதனைச் சாவடியில் அவனைப் பொலிஸார் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் விசாரிக்க வந்த அதிகாரியிடம், "அது பேப்பரில் விளம்பரம் பார்த்து வந்த போர்டர், எங்களுக்குச் சொந்தமில்லை" என்று சிவபாதசுந்தரம் சொன்னார். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத சிங்களத்தில் சொன்னார். வீட்டில் இருப்போரைப் பதியும் பொலிஸ் படிவத்திலும் உறவுமுறைக் கட்டத்தில் ‘வாடகைக்கு இருப்பவர்’ என்றே ஏற்கெனவே எழுதியிருந்தார். அந்தத் தூரப்பார்வையை நினைத்து அவருக்கு இன்னமும் ஒரு திருப்தி உண்டு.

போன கிழமை பக்கத்துத் தொடர்மாடியில் சோதனை நடந்தபோது கொம்பியூட்டர்களையும் திறந்து பார்த்தார்களாம். அந்தப் பயம் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. அடுத்த மாதம் அவருடைய பவளவிழா. பிரதம விருந்தினராக ஒரு பிரதியமைச்சர் சம்மதித்திருந்தார். நாளைக்குப் பின்னேரம் அமைச்சருடைய செயலாளர் சுயசரிதையைப் பார்வையிட வீட்டுக்கு வருகிறார். திரையைத் திறந்ததும் தடுப்பு முகாமில் இருப்பவனுடைய பெயர் வாத்தோடு வந்து நின்றால் என்னாவது?

"பேரை மட்டும் மாத்தினா சரிவராதோ?"

"வெளிய பேர் மாறும், சேர். உள்ளுக்கு ஃபோல்டர் அவர்ட பேர்லதான் ஈக்கும்." ஸமீமாவுக்கு நாற்பது வயதிருக்கும். அடுத்த ஒழுங்கையில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறாள். "மத்தது, இந்த மெஷினுக்கு அட்மின் அவர்தான். நீங்க சும்மா லிமிட்டட்."

"அப்பிடியெண்டால்?"

"ஊட்டுக்காரர் அவரு. நீங்க போர்டர்."

தேத்தண்ணீர் கொண்டுவந்த பத்மாவதி முதற் கோப்பையை ஸமீமாவுக்கு நீட்டினாள். மனைவியை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கடவுச்சொல் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்றாள் ஸமீமா. பெட்டிக்குப் பக்கத்திலிருந்த கேள்விக்குறியை அமத்தினாள். மறந்தால் நினைவூட்ட அவன் எழுதி வைத்திருந்த குறிப்பு வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்: ‘மாமா ஒரு நாளைக்குப் பத்துத்தரம் சொல்லுறது.’

சிவபாதசுந்தரம் நெகிழ்ந்துபோனார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேர்மை" என்றார். ஸமீமா அடித்தாள். திறக்கவில்லை. "கடமை." திறக்கவில்லை. "ஒழுக்கம்." அதுவும் இல்லை. தான் படித்த கல்லூரியின் பெயரையும் சொல்லிப் பார்த்தார்.

"‘நான் ஆர் தெரியுமோ’ எண்டு அடிச்சுப் பாரும், பிள்ளை," என்றாள் பத்மாவதி.

திறந்தது. பாட்டுப் போட்டுக்கொண்டே திறந்தது.

ஆட்டோக்காரனிடம், தபாற்கந்தோரில், வங்கி வரிசையில், மீன் விற்பவனிடம் என்று பத்துத்தரத்துக்குக் குறையாமல் அவர் கேட்கிற கேள்விதான். அன்றைக்கு வாசலில் நின்ற அதிகாரியிடம் மட்டும் கேட்கவில்லை.

உள்ளே ‘மாமா’ என்று ஒரு ஃபோல்டர். சுயசரிதை பத்திரமாக இருந்தது. அதற்குக் கீழே ஏதோ ஒரு படம். "இது என்ன, வேணுமா?" என்று ஸமீமா திறந்தாள். திரை நிறைய ஒரு கடிதம். கோகுலன் எனது சகோதரியின் மகன், என்னுடைய பொறுப்பில் என் வீட்டில் வசிக்கிறான், நன்னடத்தை உடையவன் என்று இரண்டு வருடத்துக்கு முந்திய திகதியில் கல்விநிலையத்துக்கு எழுதியது. கீழே அவருடைய கையொப்பம், வால் நீட்டி. ஊதா நிறத்தில் வட்ட முத்திரை.

ஹோலில் ரெலிபோன் அடித்தது.

"நேசமலராத்தான் இருக்கும்," என்றாள் பத்மாவதி. "போய்க் கதையுங்கோ."

நேசமலர்தான். "அண்ணை, செவ்வாய்க்கிழமை வழக்கு எடுக்கினம். பிடிபட்டாப் பிறகு ஆரும் எழுதிக் குடுப்பினமாம், அதுக்குப் பெறுமதியில்லையாம். முந்தின திகதிக் கடிதம் வேணுமெண்டு லோயர் நிக்கிறார். நீங்கள் அப்ப படிக்கிற இடத்துக்குக் குடுத்தனீங்களெல்லே, அதைத் தம்பி கொம்பியூட்டரிலை ஏத்தி வச்சவன். ஒரு கொப்பி எடுத்து, உண்மைப் பிரதியெண்டு ஜேபி ஒப்பத்தோடை தன்ரை கந்தோருக்கு அனுப்பட்டாம். நீங்களே ஜேபிதானே அண்ணை."

"கொம்பியூட்டர் பழுதாப் போச்சு, நேசம்," என்றார். "எல்லாம் அழிஞ்சு போச்சு. இப்பதான் ஆள் வந்து பாக்குது. சரிவராதெண்டு சொல்லுது."

அப்போதுதான் உள்ளே பிரின்ரர் இருமத் தொடங்கியது. கிர்ர்ரக், கிர்ர்ரக்.

"என்ன அண்ணை சத்தம்?"

"ரயில் போகுது," என்றார் சிவபாதசுந்தரம்.

திரும்பி வந்தபோது பிரின்ரரில் தாள் ஒன்றும் இல்லை. பத்மாவதி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எதையாவது கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடும் என்ற யோசனையில் அவர் கேட்கவில்லை.

ஸமீமா வேலையைத் தொடர்ந்தாள். சுயசரிதையைக் கீழ்ப் பேரின் பக்கத்துக்கு எடுத்தாள். ‘ஜேபி’யை வீட்டுக்காரனாக்கினாள். முழுப் பேரை ஆங்கிலத்தில் அடிக்கப் போனபோது இடம் போதவில்லை.

"இருபது எழுத்துக்கு மேல ஏலா, சேர். இனிஷியலை விட்டா ஜேபி கொள்ளும். ஜேபியை விட்டா இனிஷியல் கொள்ளும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். ரொம்ப நேரம் இல்லை. "இனிஷியலை விடும்," என்றார். அது அவருடைய தகப்பனின் பெயர்.

கடைசியாகத் திரையில் ஒரு கேள்வி வந்தது. கோகுலனுடைய கோப்புகளை வைத்திருப்பதா, அழிப்பதா?

"வச்சா உங்கட ஸ்கிரீன்லயே அவர்ட பேர்ல ஒரு ஃபோல்டர் வந்து நிக்கும்."

"அழிச்சுப்போடும்."

ஸமீமா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எண்ட தம்பியையும் ஒருநாள் கொண்டுபோன, சேர். மூணு நாள்ல விட்டாங்க. நீங்களே அமத்துங்க."

அவர் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, அமத்தினார். வாத்து போய்விட்டது. அவ்வளவு சுலபமாகப் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது ஒரு சத்தமாவது வரும் என்று நினைத்திருந்தார்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு கொம்பியூட்டரை மூன்றுதரம் நிற்பாட்டித் திறந்து பார்த்தார். மூன்றுதரமும் நீலத் திரையில் ஒரே ஒரு பெயர், ஜேபியோடு. நாலாந்தரம் திறக்கப் போகும்போது பத்மாவதி வந்து மேசையில் ஒரு தாளை வைத்தாள். கடிதம். மை போதாமல் வட்ட முத்திரை வெளிறி, ரோஸ் நிறத்தில் விழுந்திருந்தது. கையொப்பம் மட்டும் கறுப்பாக, வால் குறையாமல் இருந்தது.

"இது எங்கையிருந்து வந்தது?"

"ரயிலிலை வந்தது," என்றாள் பத்மாவதி.

மேசை லாச்சியைத் திறந்து மைப்பெட்டியை எடுத்து மூடியைக் கழற்றி வைத்தாள். ‘உண்மைப் பிரதி’ முத்திரையை எடுத்தாள். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது. முத்திரையை அதன் மேலேயே பாரமாக வைத்தாள்.

"கூரியர்காரர் மூண்டு மணிக்குப் பூட்டிப்போடுவினம்."

"நீர் விளங்காமல் கதைக்கிறீர், பத்மா. நாளைக்கு அமைச்சரின்ரை ஆள் வருகுது. அண்டைக்கு நான் அவங்களிட்டை என்ன சொன்னனான் எண்டு உமக்குத் தெரியும்தானே."

"தெரியும். எனக்கும் சிங்களம் விளங்கும்."

பொலிஸ் சுற்றிவளைப்புகள் தொடங்கிய நாளிலிருந்து காலி வீதிக்குத் தனியாக இறங்காதவள், வெளியில் போகிற சேலை உடுத்து, செருப்பைப் போட்டு, அடையாள அட்டை இருக்கிறதா என்று கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு, வாசற்கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தாள். சுவர் மணிக்கூட்டில் இரண்டு இருபது.

ஒப்பம் வைப்பதென்றாலும் சிவபாதசுந்தரம் முத்திரையைத் தூக்கத்தான் வேண்டும். தாளைக் கிழிப்பதென்றாலும் தூக்கத்தான் வேண்டும். கண்ணாடிகள் நடுங்கின; இந்தமுறை உண்மையாகவே ரயில். மூடி கழன்ற மைப்பெட்டி காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. முத்திரைக்கு அடியில் தாளின் நாலு மூலைகளும் எழும்பி எழும்பித் தாழ்ந்தன.