குடிக்க உதவாத கிணறு

பங்குனி வெயிலில் பாவடித் தெரு எரிந்தபோது சானிட்டரி இன்ஸ்பெக்டர் காந்திமதிநாதனுக்கு வருத்தத்தோடு கொஞ்சம் திருப்தியும் இருந்தது. ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போடும்படி அந்த நெசவாளர் தெருவுக்கு மூன்று வருஷமாக நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சிய அடுப்பிலிருந்து பறந்த ஒரு பொறி, அவர் சொன்னது சரிதான் என்று ஒரு மணி நேரத்தில் நிரூபித்துவிட்டது. நாற்பத்தோரு வீடுகள். மனுஷருக்குச் சேதமில்லை, கட்டிப்போட்டிருந்த ஆடுகள்தான் போயின.

மறுநாள் காலையிலேயே அவர் வேலையில் இறங்கினார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. புகை குடித்து இருமியவர்களை வரிசையாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிள்ளைகளின் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட ஏற்பாடு செய்தார். சாம்பலும் கருகிய நூலும் உருகிய சாயத் தகரங்களுமாகப் பதினெட்டு மாட்டு வண்டி தேறியது. எல்லாவற்றையும் ஊருக்கு மேற்கே வறண்டு கிடந்த ஓடையில் கொட்டச் சொன்னார். தெருக் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் கன்னங்கரேலென்று கிடந்தது. 'குடிக்க உதவாது' என்று பலகை எழுதி மாட்டிவிட்டு, கிணற்றை மண் போட்டு மூட அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்.

தறியும் வீடும் போய் நின்ற கோமதித்தாய் அவரை மறித்தாள்.

"மூடிட்டா நாங்க எங்கன போயி தண்ணி குடிப்போம், சார்? எறச்சுப் பாக்கலாம்லா?"

"சாயமும் காரமும் எறங்கின தண்ணிம்மா. எறச்சாப் போயிருமா? படிச்சவன் சொல்லுதேன், கேளு."

"அந்தச் சாம்பல ஓடையில தட்டுதாகளே, மழை பேஞ்சா?"

"இந்த வெயில்ல உனக்கு மழை நெனப்பு வருது பாரு!" என்று சிரித்துக்கொண்டே அவர் சைக்கிளில் ஏறினார்.

கோமதித்தாய் விடவில்லை. தறிகள் எரிந்துபோனதால் தெருவில் எல்லோர் கையும் சும்மாத்தான் இருந்தது. கிணறு தூர் எடுக்கிற மைதீன் பாட்சாவைக் கூட்டி வந்தாள். ஏழு நாள் இறைத்தார்கள். அடிச் சேற்றை வழித்தெடுத்து, தெருவுக்கு வடக்கே மேட்டில் கரிசலில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். புதிதாக ஊறிய தண்ணீரையும் இரண்டு தரம் இறைத்துக் கொட்டினார்கள். மூன்றாம் தரம் ஊறியதில் கசப்பு இல்லை. கோமதித்தாய்தான் முதலில் குடித்தாள். மூன்று நாள் கழித்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகளைக் குடிக்கவிட்டாள்.

சித்திரை முடிவதற்குள் கோடை மழை கொட்டித் தீர்த்தது. ஓடை இரு கரையும் தொட்டு ஓடி, சாம்பலைப் பெரும்பாலும் அள்ளிக்கொண்டுபோய் ஊருணியில் சேர்த்தது. காந்திமதிநாதனும் மற்ற ஆபீஸ்காரர்களும் குடியிருந்த தெருக்களுக்கு அந்த ஊருணிதான் குடிதண்ணீர். வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. அவர் ஊருணியில் மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தீரவில்லை. அவர் வீட்டில் மட்டும் நாலாம் நாளோடு எல்லோருக்கும் குணமாகிவிட்டது.

"பாத்தியாட்டி? பவுடரு என்னமா வேலை செய்யுது! தண்ணி இனிக்குல்லா!" என்று செம்பை அண்ணாந்து குடித்தார்.

"ஆமாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவி பார்வதியம்மாள் அடுக்களைக்குள் போனாள்.

கிணற்றை மூடும் உத்தரவு வைகாசியில் வந்தது. பியூனைக் கூட்டிக்கொண்டு, இரண்டு வண்டி மண்ணோடு அவர் பாவடித் தெருவுக்குப் போனார். கிணற்றடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒரு பித்தளைக் குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக அவர் பெயரே வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த குடம். குடத்துக்குப் பின்னால் பார்வதியம்மாள் நின்றாள்.

"ஏட்டி, நீ இங்கன என்ன செய்யுத?"

"தண்ணி எடுக்கேன். மூணு வாரமா இங்கனதான் எடுக்கேன்." அவள் தலையைக் குனியவில்லை. "இனிக்குன்னு சொன்னீகள்லா, அந்தத் தண்ணிதான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்படவாவது அவருக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

"மண்ணத் தட்டவா, சார்?" என்றான் வண்டிக்காரன்.

"பொறுடே" என்றார் காந்திமதிநாதன்.

அன்றைக்கே அவர் மேலிடத்துக்கு எழுதினார்: தக்க சுகாதார நடவடிக்கைகளின் பயனாக மேற்படி கிணறு குடிக்க உகந்ததாகிவிட்டது. யார் எடுத்த நடவடிக்கை என்று எழுதவில்லை. பத்து நாளில் அவரைப் பாராட்டி ஒரு கடிதம் வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோமதித்தாயைத் தேடிப் போனார். காட்டத்தான் நினைத்தார், அவளைப் பார்த்ததும் கை பைக்குள் போகவில்லை.

"ஊருணியைத் தூர் எடுக்கணும். ஓடையில கெடக்க மிச்சச் சாம்பலையும் அள்ளணும். எங்கன கொண்டு தட்டன்னுதான் தெரியல."

அவள் மேட்டுக்குக் கூட்டிப்போய்க் குழி வெட்டிய இடத்தைக் காட்டினாள்.

"எத்தனை அடி தோண்டினீங்க?"

"ரெண்டாளு ஆழம். நாங்க வந்து வெட்டித் தாரோம், சார். ஆனா உங்க தெருக்காரகளும் மண்வெட்டி பிடிக்கணும். தண்ணி உங்களுக்குத்தான?"

காந்திமதிநாதன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் காலை ஊருணிக்கரையில் பாவடித் தெரு முழுக்க வந்து நின்றது. ஆபீஸ் தெருக்களிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒருவர் இன்ஸ்பெக்டர். இன்னொருத்தி பார்வதியம்மாள். மூன்றாவது ஆள் வேடிக்கை பார்க்க வந்தவர்.