பூமாரி சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு

அன்னக்கிளி டீச்சருக்கு வாய் ஒன்று, வகுப்பு இரண்டு. ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக்காட்டத் திரும்பினால் போதும், இரண்டாம் வகுப்பு சந்தைக்கடையாகிவிடும். சங்கரன்கோவிலில் பிள்ளைகளுக்கா பஞ்சம், வாத்தியார்களுக்குத்தான் பஞ்சம். அந்த நேரம் பார்த்து, துபாயிலிருந்து லீவில் வந்த முகம்மது ஹுசைன் தான் படித்த பள்ளிக்கூடமாச்சே என்று ஒரு டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். மகராசன் நல்லாயிருக்கட்டும்.

இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறவள் பூமாரி. முன்னால் நின்று ஒரு வரி சொல்வாள், மற்றதுகள் சேர்ந்து கத்தும். பள்ளிக்கூடம் விட்டபிறகு டீச்சர் அவளைத் தனியாக நிறுத்தி, அதை அப்படியே டேப்பில் பிடித்தாள். பூமாரி ஒரு வரி. பிள்ளைகள் திருப்பிச் சொல்லக் கொஞ்சம் இடைவெளி. அப்புறம் அடுத்த வரி. பொத்தானைத் தட்டிவிட்டால் இரண்டாம் வகுப்பு தன்பாட்டுக்கு ஓடும்.

டேப் பிடித்த மூன்றாம் நாள் பூமாரி செத்துப்போனாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஆடித்தபசுக்குக் கொடியேறின அன்றைக்கு, ஏழு வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாவி எமனுக்கு வேறு ஆளா அகப்படவில்லை?

அதற்கப்புறமும் டேப் ஓடியது. பிள்ளைகளுக்கு ஒரு பயமும் இல்லை. "ஓரெண்டு ரெண்டு" என்று பூமாரி சொன்னால் இதுகளும் சொல்லும். பயமெல்லாம் டீச்சருக்குத்தான். கரும்பலகையைப் பார்த்து நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கும். பிறகு இடைவெளி. பூமாரி பதிலுக்குக் காத்து நிற்கிற மாதிரியே இருக்கும். திரும்பிப் பார்க்க அவளுக்கு நெஞ்சில் தெம்பு இருக்காது. வேறு பிள்ளையின் குரலை அதன்மேல் பிடித்துவிடலாம் என்று இரண்டு தடவை சிவப்புப் பொத்தானில் விரலை வைத்தாள். அமுக்க முடியவில்லை.

ஐந்தாம் வாய்ப்பாடு "பதினாறஞ்சு எம்பது" என்று முடிந்ததும், எங்கிருந்தாலும் ஓடிவந்து டேப்பை நிறுத்திவிடுவாள். ஏனென்றால் அதற்கடுத்து, "டீச்சர், தல வலிக்கு" என்று பூமாரி சொல்வது கிடக்கிறது. பிறகு அன்னக்கிளியின் குரல்: "இன்னும் ஒண்ணே ஒண்ணு மக்கா. ஆறாம் வாய்ப்பாட்டையும் சொல்லிட்டுப் போயிரு." அன்று அவள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்ற அவசரம் அவளுக்கு. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் பூமாரியின் அம்மா மாடத்தி வந்து நின்றாள். பூ மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவள்.

"டீச்சர், எம்மவ பேச்சு இந்தப் பொட்டிக்குள்ள இருக்காமே. ஒருதடவ கேட்டுட்டுப் போயிருதேன்."

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? டீச்சர் ஐந்தாம் வாய்ப்பாட்டை மட்டும் போட்டாள். மாடத்தி பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டாள். "பதினாறஞ்சு எம்பது" வந்ததும் டீச்சர் டக்கென்று நிறுத்தினாள்.

"இம்புட்டுதாம்மா."

பெட்டி நின்றது. பிள்ளைகள் நிற்கவில்லை.

"டீச்சர், தல வலிக்கு!" என்று நாற்பது வாயும் ஒரே ராகத்தில் கத்தின. "இன்னும் ஒண்ணே ஒண்ணு மக்கா!" டீச்சர் கொஞ்சிச் சொன்ன அந்த இழுப்புகூடத் தப்பவில்லை.

"ஏலே, வாய மூடுங்க!" என்று டீச்சர் மேசையில் அடித்தாள்.

பிள்ளைகள் முழித்தன. "பொட்டியில அப்படித்தான டீச்சர் இருக்கு" என்றான் இசக்கிப்பாண்டி. சோத்துமணிக்கு அவள் அந்தப் பக்கம் போனதும், இதுகளே பொத்தானைத் தட்டி முழுசையும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கின்றன. பெட்டி சொன்னால் திருப்பிச் சொல்லவேண்டும் என்று பழக்கியவளே அவள்தானே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

மாடத்தி கேட்டாள்: "அன்னைக்கே அவளுக்கு மேலு சுட்டுதா டீச்சர்?"

அன்னக்கிளி சொல்லிவிட்டாள்: "சுட்டுது. தொட்டுப் பாத்தேன். தெரிஞ்சேதான் நிக்கவச்சேன்."

மாடத்தி திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அன்னக்கிளி தாங்கியிருப்பாள்.

"மிச்சத்தையும் போடுங்க."

போட்டாள். ஆறாம் வாய்ப்பாடு மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கி வந்தது. "பதினாறாறு தொண்ணூத்தாறு." அப்புறம் சின்னதாக ஒரு குரல்: "டீச்சர், நான் வீட்டுக்குப் போவட்டா?"

வழக்கம்போல இடைவெளி. பிள்ளைகள் மாடத்தியின் முகத்தைப் பார்த்தன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. டேப் மட்டும் உஸ்ஸென்று ஓடியது.

"வா மக்கா, போவோம்" என்று மாடத்தி எழுந்தாள். வலது கையைத் தாழ்த்தி நீட்டியபடியே வாசலுக்கு நடந்தாள். பிள்ளைகள் இரண்டு ஆள் போகிற அளவுக்கு விலகி வழிவிட்டன.